செவ்வாய்க்கிழமை விடுமுறை

கேட்டில் தொங்கிய பலகையை ஒதுக்கிவிட்டு
டூல்ஸ் பையோடு உள்ளே நுழைந்தேன்.
வாட்ச்மேன் நீட்டிய நோட்டில்
'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில்
முதலைக்குட்டை, ரெண்டு எச்.பி., காயில் போச்சு
என்று எழுதினேன். இடம் பத்தவில்லை.

ஆளில்லாத பூங்காவை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
மாங்காய்க்கீற்று வண்டி இல்லை,
கம்பியைத் தட்டி
"ஏய், இங்க பாருடா" என்பவர் இல்லை.
காந்திபுரத்து பஸ் ஹாரன்களுக்கு நடுவிலும்
புள்ளிமான்கள் அசைபோடுவது
தனியாகக் கேட்டது.
கூண்டுக்குள் ஒரு மயில்.
கூண்டின் கூரைமேல் நாலு மயில்,
டிக்கெட் எடுக்காமல் வந்தவை,
உள்ளே கொட்டிய கம்பைப் பார்த்துக்
கழுத்தை வளைத்துக்கொண்டு.

கருணாம்பிகை வந்தாள்.
ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் வாளி,
வாளியில் கோழிக்கால்.
"பாத்து எறங்குங்க.
தண்ணி வத்துனா அதுக்குக் கோவம் வருமுங்க."

நடுவில் இரும்புத் தட்டி.
அந்தப் பக்கம் அது.
இந்தப் பக்கம் முழங்கால் சேற்றில் நான்.
மோட்டாரைப் புரட்டினால்
இம்பெல்லரில் சுற்றியிருந்தது
ஒரு சிவப்பு ரிப்பன், பள்ளிக்கூடத்து முடிச்சோடு,
கூடவே கடலைமிட்டாய்க் கவர் ஏழெட்டு.
கொண்டது விடாதது முதலை மட்டுமில்லை.
குறடு வைத்து இழுத்தேன்.
சேற்றுக்குள் கால் வைத்த இடமெல்லாம் காசு,
ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், கோயில் குளம்போல.
முதலையிடம் போய்
என்ன வேண்டிக்கொண்டிருப்பார்கள்?

அது பார்த்துக்கொண்டே கிடந்தது.
தண்ணீர் இருந்தபோது கட்டைபோலத் தெரிந்தது
இப்போது வயிறு தெரிந்தது,
மூச்சு ஏறி இறங்கியது,
வெளுத்த வயிற்றில் பாசி.
அடுத்தவர் குளிக்கும் இடத்துக்குள்
தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல்
நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானச் சோறு நரிக்கூண்டு ஓரத்தில்.
அவள் டப்பாவில் கொள்ளுப் பருப்பு,
எனக்கும் ஒரு கரண்டி.
"நரி மூஞ்சில முழிச்சா யோகம்னு சொல்றாங்க.
பதனோரு வருசமா தெனமும் முழிக்கறனுங்க,
இன்னும் தெனக்கூலிதானுங்க."
நரி காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது.

கூண்டுப் பலகையில் ஒரு வரைபடம்:
வாழிடம், வறண்ட புதர்க்காடு, மேய்ச்சல் காடு.
நரி வாழும் இடமெல்லாம் ரோஸ் வண்ணம்.
எச்சில் விரலால் தேடிப் பார்த்தேன்.
நொய்யலுக்குத் தெற்கே, ரயில் பாதைக்கு இப்பால்,
என் வீடு ரோஸுக்குள் இருந்தது.
பழைய பத்திரத்தில் நரிப்பள்ளம் காடு, க.ச. நூற்றிநாலு.
நான் வாங்கிய பத்திரத்தில் ஸ்ரீ பாலாஜி கார்டன்,
மூணே முக்கால் சென்ட்.
யாரிடம் என்.ஓ.சி. வாங்கினார்கள் என்று
நான் அன்றைக்குக் கேட்கவில்லை,
வட்டி எவ்வளவு என்றுதான் கேட்டேன்.

கொண்டுவந்த மாற்று மோட்டாரை இறக்கி
ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.
குழாய் இருமியது, துருவாய்த் துப்பியது,
பிறகு தண்ணீர்.
அது நகரவில்லை.
நீர் தாடையைத் தொட்டது, பல்லைத் தொட்டது,
கண்ணுக்குக் கீழ்வரை வந்து நின்றபோது
ஒரு மெல்லிய இமை குறுக்கே ஓடியது.
அவ்வளவுதான்.
மறுபடி கட்டை.

காசையெல்லாம் அலசிக் கருணாம்பிகையிடம் கொடுத்தேன்.
நூற்றி முப்பத்தேழு ரூபாய்.
"ஆபீஸ்ல கட்டோணுமுங்க" என்றாள்,
முந்தானையில் முடிந்தபடி.
ரிப்பனை ஏனோ
என் பையில் போட்டுக்கொண்டேன்.
பில் அடுத்த மாதம் பாஸாகுமாம்.

ராத்திரி ஒன்றரை மணி.
லேஅவுட்டின் கடைசிக் கல் பக்கமிருந்து
நீளமாய் ஒரு சத்தம்,
மேலே போய், மேலேயே நின்று, உடைந்தது.
"நாய்ங்களா?" என்றாள் சிவபாக்கியம், கண் திறக்காமல்.
"ஆமா, தூங்கு."

நாய் என்றால்
எங்கள் வீதியில் ஒன்பது நாய்.
பதிலுக்கு ஒன்றாவது குரைத்திருக்கும்.
ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.